மிஸ் ஷெஃபாலி பேரையும் கொஞ்சம் சொல்லுங்களேன்

கொல்கத்தா பழைய நைட்லைஃப் பத்தி நம்ம ஆளுங்க யாரு எழுதினாலும் பார்க் ஸ்ட்ரீட், அங்க இருக்கிற ட்ரிங்காஸ் ரெஸ்டாரன்ட், பட்டுப்புடவைல பாடின உஷா உதுப்னு வந்து நின்னுடுது. அவங்களைக் கொண்டாடுறது சரிதான், எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனா அதே ஊர்ல சௌரங்கி ஏரியா ஃபிர்போஸ் ஹோட்டல்ல கேபரே, அதாவது ராத்திரி வர்றவங்க முன்னால மேடையில ஆடுற ஆட்டம், ஆடின மிஸ் ஷெஃபாலி பேரு மட்டும் யாரு வாயிலயும் வரமாட்டேங்குது.

நிஜப் பேரு ஆரத்தி தாஸ். பிரிவினையில கிழக்கு வங்காளத்துலேர்ந்து அகதியா வந்த குடும்பம், வீட்ல சாப்பாட்டுக்கே வழியில்ல, அதனால சின்னப் பொண்ணா இருக்கும்போதே ஒரு ஆங்கிலோ இந்தியன் வீட்டுக்கு வேலைக்குப் போனாங்க, அங்க நடக்குற பார்ட்டில ஆடுறவங்களைப் பாத்துப் பாத்தே ஆட்டத்தைக் கத்துக்கிட்டாங்க. அப்புறம் நேரா ஃபிர்போஸ் மேடை. ட்விஸ்ட், கேன்கேன், பெல்லி டான்ஸ் எல்லாம். அந்த வயசுல ஒரு குழந்தையை மேடையேத்தினவங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கல, குடும்பத்துக்குச் சோறு போட ஆடினவங்களைத்தான் கேவலமாப் பேசினாங்க, இதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் ஆத்திரமா வருது.

அதுவரைக்கும் கேபரேன்னாலே பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியன் பொண்ணுங்க, வெளிநாட்டுப் பொண்ணுங்கதான். அவங்க ஆடினா ரசிச்சவங்களுக்கு, நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி ஒருத்தி ஆடினதும் மானப் பிரச்சினை ஆயிடுச்சு. ஆனா சத்யஜித் ரே அவங்களை 'பிரதித்வந்தி' (1970), 'சீமாபத்தா' (1971) ரெண்டு படத்துலயும் நடிக்க வச்சார். பிரதித்வந்தில நர்ஸ் வேஷம், ராத்திரில உடம்பை வித்துப் பிழைக்கிற நர்ஸ், அந்த சீன்ல திடீர்னு படமே நெகட்டிவா மாறும், கறுப்பு வெள்ளையாவும் வெள்ளை கறுப்பாவும். நாடகத்துலயும் ஆடினாங்க. கலாச்சாரத்தையே கெடுக்குதுன்னு ஒரு கூட்டம் கத்துச்சு, ஆனா டிக்கெட் வாங்கி உக்காந்து பாத்ததும் ஊர்தானே?

இப்போ டிவி ஷோல பெல்லி டான்ஸ் ஆடினா அப்பா அம்மாவே எழுந்து நின்னு கைதட்டுறாங்க. நல்ல விஷயம், மனசாரச் சொல்றேன். ஆனா அந்தக் கைதட்டல்ல ஷெஃபாலிக்குப் பெருசா ஒண்ணும் வந்து சேரல. சோத்பூர்ல பணக்கஷ்டத்தோடதான் கடைசிக் காலம், 2020 பிப்ரவரி 6-ம் தேதி போயிட்டாங்க. மறுநாள் பேப்பர்காரங்க 'கேபரே ராணி'ன்னு எழுதினாங்க, அந்தப் பட்டத்தோட ஒரு பென்ஷனும் கொடுத்திருந்தா மருந்துக்காவது ஆகியிருக்கும்.