ஸ்மார்ட் பல்ப் வாங்கும் முன் ஒரு கணக்கு

கரண்ட் பில்லைக் குறைக்க ஸ்மார்ட் பல்பில் ஆரம்பிக்காதீங்க. 9 வாட் பல்ப் தினம் ஒரு மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு சுமார் 3.3 யூனிட். மீதி 23 மணி நேரமும் வைஃபைக்காக அரை வாட் இழுத்தால் 4.2 யூனிட். எரியிறதைவிட சும்மா இருக்கிறதுக்குத்தான் செலவு அதிகம்!

கை வைக்க வேண்டிய இடம் வாட்டர் ஹீட்டர். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55க்கு ஏற்ற, 2000 வாட் ஹீட்டருக்கு 16 நிமிடம் போதும். ஹீட்டரை ஸ்மார்ட் பிளக்கில் (போன் ஆப்பிலிருந்து ஆன், ஆஃப் செய்யும் பிளக்) மாட்டி, குளிக்கும் நேரத்துக்கு முன் 20 நிமிடம் ஓடுகிற மாதிரி டைமர் வையுங்கள். நாள் முழுக்க ஆனில் கிடந்தால், தொட்டி ஆற ஆற மறுபடி மறுபடி சூடேறிக்கொண்டே இருக்கும்.

பிளக் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர். 10 ஆம்பியர் பிளக் தாங்கும் என்று தோன்றும். ஆனால் தினமும் சூடாகி, உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளலாம். அப்புறம் ஆப்பில் 'ஆஃப்' என்று காட்டும், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். 16 ஆம்பியர், மின் அளவு காட்டும் வகையே வாங்குங்கள். வாட் பூஜ்யத்துக்கு இறங்கியதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

டைமரை பிளக்குக்குள்ளேயே சேமிக்கிற மாடலா என்றும் பாருங்கள். இல்லையென்றால் நெட் போன நேரத்தில் 'ஆஃப்' கட்டளை வந்து சேராது.

ஏசியை மட்டும் பிளக்கில் வெட்டி நிறுத்தாதீங்க, கம்ப்ரசருக்கு நல்லதில்லை. ரிமோட் சிக்னல் அனுப்பும் ஐஆர் பிளாஸ்டர் போதும்.

அசைவைப் பார்த்து பாத்ரூம் லைட்டைப் போடும் மோஷன் சென்சாருக்கு, லைட்டை அணைக்கும் முன் குறைந்தது 10 நிமிட தாமதம் கொடுங்கள். அசையாமல் உட்கார்ந்திருப்பவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார்!