ஒரே 200, இரண்டு குழாய்: டெண்டர் ஆவணங்களுக்கு ஒரு ஆன்டாலஜி

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமக் குடிநீர்த் திட்டம் என்றால் ஸ்பெசிபிகேஷன், பி.ஓ.க்யூ. (வேலை அளவுப் பட்டியல்), வரைபடம் என்று குறைந்தது மூன்று ஆவணம் சேரும். மூன்றிலும் "200 மி.மீ. குழாய்" என்று இருந்தால் சரிபார்ப்பவர் டிக் அடித்துவிடுவார். ஆனால் டி.ஐ. (டக்டைல் இரும்பு) குழாயில் 200 என்பது பெயரளவு விட்டம், வெளிவிட்டம் 222. எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் குழாயிலோ 200 என்பதே வெளிவிட்டம். எஸ்.டி.ஆர். 17 (வெளிவிட்டம் சுவர்த் தடிமனின் 17 மடங்கு) குழாயானால் தண்ணீர் ஓட மிஞ்சுவது சுமார் 176 மி.மீ. யாரோ டி.ஐ.யை எச்.டி.பி.ஈ. என்று மாற்றி எண்ணை அப்படியே விட்டால், உராய்வு இழப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறும். பம்பின் ஹெட் (தண்ணீரைத் தள்ளி ஏற்றும் உயரம்) போதாமல் போகும்.

வேர்டில் தேடி இதைப் பிடிக்க முடியாது. ஆன்டாலஜி, அதாவது பொருள்களின் வகைகளையும் பண்புகளையும் கணினிக்குப் புரியும்படி எழுதிய மாதிரி, பிடிக்கும், 'விட்டம்' என்று ஒரே பண்பை வைக்காத வரை. ஆன்டாலஜி எழுதும் மென்பொருளான ப்ரோட்டிஜேயில் பெயரளவு விட்டம், வெளிவிட்டம், உள்விட்டம் மூன்றையும் தனித்தனியாக வையுங்கள். டி.ஐ., எச்.டி.பி.ஈ. இரண்டும் ஒன்றோடொன்று சேராத வகுப்புகள் என்றும் அறிவித்துவிடுங்கள்.

பலரும் தடுக்கி விழுவது அடுத்த கட்டத்தில். ஆவணம் சொல்லும் மதிப்பை நேரே குழாயின் மேலேயே எழுதுகிறார்கள். அந்தப் பண்புக்கு ஒரே மதிப்புதான் என்று விதித்திருந்தால், இரண்டு ஆவணம் மோதியதும் ஆன்டாலஜி முழுவதுமே முரண்பட்டுவிடும். அதன்பின் ரீசனரிடம் (ஆன்டாலஜியிலிருந்து முடிவுகளை வருவிக்கும் நிரல்) எதைக் கேட்டாலும் 'ஆம்'தான். அதனால் ஒவ்வொரு கூற்றையும் தனி நோடாக்குங்கள்: எந்த ஆவணம், எந்தப் பத்தி, எந்தத் திருத்தம், எந்த உறுப்பு, என்ன மதிப்பு, என்ன அலகு. மோதலை, இத்தகைய தரவில் தேடும் மொழியான ஸ்பார்க்கிளில் எழுதிய வினவல் இரண்டு பத்தி எண்களாக எடுத்துக் கொடுக்கும். எது சரி என்று முடிவு செய்வது பொறியாளர் வேலை.

ஆன்டாலஜி எழுதும் மொழியான ஓ.டபிள்யூ.எல்.-இல் எழுதாதது பொய் ஆகாது, தெரியாதது அவ்வளவுதான். வால்வுக்கு அழுத்த வகுப்பே குறிக்காமல் விட்டால் ரீசனர் வாய் திறக்காது. ஒரு பம்புக்கு ஒரே மோட்டார் என்று விதித்து, இரண்டு ஆவணம் இரண்டு மோட்டார் எண்ணைக் கொடுத்தால், முரண் என்று சொல்லாமல் இரண்டும் ஒரே மோட்டார்தான் என்று முடிவுகட்டிவிடும். வேறுவேறு மோட்டார் என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் மோதும். விடுபட்டதைப் பிடிக்க, வலைத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி 2017இல் பரிந்துரையாக்கிய ஷேக்கிள் என்ற தரவுச் சோதனை மொழிதான் சரியான கருவி. கட்டாயப் புலங்களை அதில் எழுதுங்கள்.

அலகைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மேல்நிலைத் தொட்டி ஓரிடத்தில் 60,000 லிட்டர், இன்னோரிடத்தில் 60 கே.எல். (கிலோலிட்டர்), மற்றோரிடத்தில் 0.60 லட்சம் லிட்டர். ஒரே அலகுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். 5 எச்.பி. என்பது 3.73 கிலோவாட், கேட்டலாக்கில் 3.7 என்றிருக்கும். 1 சதவீதம் தளர்வு கொடுக்காவிட்டால் பொய் எச்சரிக்கைகளில் உண்மையான தவறு புதைந்துவிடும்.

கொரிஜெண்டம் (டெண்டர் திருத்த அறிவிப்பு) வந்தால் பழைய கூற்றை அழிக்காமல் காலாவதி என்று குறித்து, சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். பி.ஓ.க்யூ.வைத் திருத்திவிட்டு வரைபடத்தைத் தொடாமல் விட்ட இடம் அப்போதுதான் தெரியும்.