பெரியப்பாவின் காதும் என் லப்டொப்பும்

என்னிடம் இருப்பது ஒரு பழைய 121 கொரோல்லா கார். அதை வைத்துக்கொண்டு எஞ்சின் ரியூனிங் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை. காரணம் உண்டு. நான் போன வருசம் தண்ணி மோட்டரைத் திருத்தப் போய், வீட்டில் எல்லோரையும் மூன்று நாள் கிணற்றில் வாளி போட்டு அள்ள வைத்தவன்.

படிப்பு என்னவோ நன்றாகத்தான் போனது. ரியூனர்ஸ்ரூடியோ என்ற ரியூனிங் மென்பொருளை லப்டொப்பில் இறக்கி, ஆர்டுயினோ மெகா என்ற சின்னக் கொம்பியூட்டர் பலகையில் எஞ்சினை ஆளும் ஸ்பீடுயினோ என்ற புரோகிராமை ஏற்றி, யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எஞ்சினே இல்லாமல் நிமிசத்துக்கு 6000 சுற்று ஓட்டினேன். பெற்றோல் செலவு பூச்சியம். திரையில் 16க்கு 16 கட்டம் போட்ட ஒரு அட்டவணை வரும், ஒரு பக்கம் எஞ்சினின் சுற்று, மறுபக்கம் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பது, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நேரம் எவ்வளவு பெற்றோல் தெளிக்க வேண்டும் என்ற கணக்கு. இன்னொரு அட்டவணை பொறி எத்தனை பாகை முன்னதாக அடிக்க வேண்டும் என்பதற்கு. 256 கட்டங்களையும் நிறம் நிறமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் சோறு ஆறுவது தெரியாது.

அப்புறம்தான் கொரோல்லாவின் ஸ்ரியரிங்குக்குக் கீழே இருக்கிற சொக்கெற்றில் ஒரு மலிவு புளூடூத் கருவியைச் செருகினேன். பி0171 என்று ஒரு பிழைக் குறியீடு வந்தது. கலவையில் பெற்றோல் போதாதாம். ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். புகைக்குழாயில் இருக்கும் ஒக்சிசன் சென்சரைப் பார்த்துப் பார்த்துக் காரின் கொம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். அந்தத் திருத்தம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நின்றால் வண்டி சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். என்னுடையது எஞ்சின் ஓட வண்டி சும்மா நிற்கும்போது கூட்டல் 24 வீதம்.

விடுவேனா? மச்சானைப் பக்கத்தில் இருத்தி, மடியில் லப்டொப்பைக் கொடுத்து, பண்ணைப் பாலத்தால் வேலணை வரைக்கும் மூன்று தரம் போய்வந்தேன். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் கடல், மச்சான் திரையை விட்டுத் தலை நிமிரவில்லை. ஓடும்போது 24 என்பது 6 ஆக இறங்கியது. இது எவ்வளவு பெரிய துப்பு என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் அதற்கு ஒரு கிராப் கீறிச் சிவப்பு நிறம் கொடுத்துவிட்டு, ஜப்பான்காரன் கணக்கில் பிழை விட்டிட்டான் என்று முடிவெடுத்தேன். கொம்பியூட்டரைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பி, உள்ளே இருக்கும் அட்டவணையை மாற்றி எழுதுவிக்கக் காசும் எடுத்து வைத்தாயிற்று.

கழற்றப் போன காலையில்தான் பெரியப்பா வந்தார். பெரியப்பாவிடம் ஒரு ஏ40 இருக்கிறது, பழைய இங்கிலாந்து ஒஸ்ரின் கார். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது அதை மண்ணெண்ணெயில் ஓட்டினவர். சூப்பிப் போத்தலில் இருக்கிற கொஞ்சப் பெற்றோலை, காற்றோடு பெற்றோலைக் கலக்கிற காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவாராம். மண்ணெண்ணெயில் எஞ்சின் கடகடவென்று தட்டும் என்பதால் பொறியைப் பங்கிட்டு அனுப்புகிற டிஸ்ரிபியூட்டரைக் கையால் கொஞ்சம் திருப்பிப் பொறியைப் பிந்த வைப்பாராம். நான் அட்டவணையில் மவுசால் செய்கிற அதே வேலை!

"எஞ்சினை ஸ்ராட் பண்ணு" என்றார். பண்ணினேன். பூமரத்துக்குத் தண்ணி விடுகிற ஹோஸில் ஒரு முழத்துண்டு வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை எஞ்சினுக்கு மேலால் கொண்டுபோனார், டொக்ரர் நெஞ்சைப் பார்க்கிற மாதிரி.

"உங்கை காத்து இழுக்குது. உஸ் எண்டு கேக்குது, வா, கேள்."

ஒரு சின்ன வக்கியூம் குழாய், வளைவில் வெடித்திருந்தது. அதால் போகிற காற்று, காற்றை அளக்கிற சென்சரில் படாமல் உள்ளே போவதால் கொம்பியூட்டருக்கு அது கணக்கில் இல்லை. சும்மா நிற்கும்போது அந்தக் களவுக் காற்று பெரிய பங்கு, ஓடும்போது சின்னப் பங்கு. குழாயை மாற்றி இரண்டு நாள் ஓடினேன். 24 போய் 3 வந்தது. கொழும்புக் காசை அம்மா வாங்கி வைத்துவிட்டார்.

எனக்குச் சும்மா இருக்க ஏலுமா? ரியூனிங்குக்கென்று வாங்கிய வைட்பாண்ட் சென்சர், ஒரு கிராம் பெற்றோலுக்கு எத்தனை கிராம் காற்று என்று இலக்கத்தில் காட்டுவது, பெட்டி பிரிக்காமல் கிடந்தது. ஏ40 இன் புகைக்குழாயில் கவ்வவைத்து, அதன் பற்றரியில் வயரைக் கொழுவப் போக, பெரியப்பா கையில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில் பற்றரியின் பிளஸ்தான் பொடியோடு பூட்டியிருக்கும். கொழுவியிருந்தால் சென்சர் அதோடு முடிந்திருக்கும். கொரோல்லாவின் பற்றரியில் கொழுவினோம். திரையில் 11.2.

"பெரியப்பா, பெற்றோல் கனக்கப் போகுது, 14.7 வர வேணும்."

"நாப்பது வருசமா என்ரை காது சரி. உன்ரை சாமான்தான் பழுது."

சரி என்று கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிரவு கரண்ட் போயிருந்தது. பத்து மணிக்கு மேல் பெரியப்பா வீட்டுக் கராச்சுக்குள் ரோச் வெளிச்சம். காலையில் போனால் காபரேற்றருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்குரூ டிரைவர் கிடக்கிறது, ஏ40 இன் சத்தமும் கொஞ்சம் மெலிந்திருக்கிறது.

"என்ன பெரியப்பா, ராத்திரி கராச்சுக்குள்ளை?"

"பூனையடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உந்தச் சாமானை இண்டைக்குக் கொண்டு வரேல்லையோ?"