அடியை எண்ணினால் போதும்

“நீங்கள் நம்ப வேண்டியதில்லை அண்ணன். அடியைச் சரியாக எண்ணினால் போதும்.”

பூமி உருண்டை என்பதை ஏற்காத எங்கள் கோல் பிடிக்கும் உதவியாளரிடம், நில அளவையாளனான நான் சொன்னது இவ்வளவுதான். திருகோணமலை நிலாவெளி வீதியோரம் வடிகால் வேலைக்காக மட்டம் எடுத்துக்கொண்டிருந்தோம், அதாவது புள்ளிக்குப் புள்ளி உயர வித்தியாசத்தை அளந்துகொண்டிருந்தோம். வெயில் ஏறிவிட்டது, தொடங்கிய ஓட்டத்தை, அந்தத் தொடர் அளவீட்டை, மதியத்துக்குள் மூட வேண்டியிருந்தது. பயிலுநராக வந்திருந்த பையன் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. மட்டக்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அடிகளை எண்ணியபடியே அடுத்த புள்ளிக்கு நடந்தார். அதற்குப் பிறகு பூமியைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வேலை நன்றாகவே நடக்கிறது. முன்பைவிட விரைவாகவும் நடக்கிறது என்று சொல்லலாம். சாப்பாட்டு நேரம் வாக்குவாதமில்லாமல் கழிகிறது. ஆனாலும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. அதில் எந்த இடம் தவறு என்று தேடுகிறேன், கிடைக்கவில்லை. எங்கள் தொழிலின் அடிப்படையையே அல்லவா சொன்னேன் என்று ஒரு மனம் கேட்கிறது.

கருவியின் பார்வைக் கோடு ஏறத்தாழ நேராகப் போகும். கடலின் மட்டமோ வளைந்து இறங்கும். 60 மீட்டரில் இந்த விலகல் ஒரு மில்லிமீட்டரின் கால் பங்கைச் சற்றே தாண்டும். ஒரு கிலோமீட்டரில் 78 மில்லிமீட்டர். தூரம் இரட்டித்தால் விலகல் நான்கு மடங்கு. இதைத் தவிர்க்கத்தான் கருவியை இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் வைக்கிறோம். பின்னால் நிற்கும் கோலில் எடுக்கும் பின்வாசிப்பிலும் முன்னால் நிற்கும் கோலில் எடுக்கும் முன்வாசிப்பிலும் ஒரே அளவு பிழை ஏறும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பூமியின் வளைவு கணக்கிலிருந்து மறைந்துவிடும். கருவிக்குள்ளேயே இருக்கும் சிறு சாய்வும் கூடவே மறைந்துவிடும். இதற்குத் தேவையானது இரு பக்கமும் சம தூரம். அந்தச் சம தூரத்தை எங்களுக்குத் தருவது அவருடைய கால்கள். நாடா பிடித்து அளந்து பார்த்தாலும் அவருடைய அடிக்கணக்கு பெரிதாக விலகுவதில்லை. எங்களில் வளைவை அவரைப் போலச் சுத்தமாகக் கழிப்பவர் வேறு யாருமில்லை. அப்படிப்பட்டவர்தான் பூமி தட்டை என்கிறார்.

அவருடைய வாதங்கள் கைபேசிக் காணொளிகளிலிருந்து வந்தவை. ஆனால் கேட்டதை அப்படியே ஒப்பிப்பவர் அல்ல அவர். வேலைத்தளத்தில் கிடைக்கும் பொருளை எடுத்து வைத்துப் பேசுவார். ஒருநாள் தூக்குக்குண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: “சேர், இது கீழே போவது காற்றைவிடப் பாரமாக இருப்பதால். பலூன் மேலே போவது காற்றைவிட இலேசாக இருப்பதால். இடையில் ஈர்ப்பு எதற்கு?”

நல்ல கேள்வி என்றே இன்றும் நினைக்கிறேன். அடர்த்திக்குத் திசை கிடையாது என்று அவருக்குச் சொன்னேன். பாரமானது கீழேதான் போக வேண்டும் என்று அடர்த்தி சொல்லாது. எது கீழ் என்பதை வேறொன்று தீர்மானிக்க வேண்டும். மிதப்பு விசையைக் கணக்கிடும் சூத்திரத்துக்குள்ளேயே ஈர்ப்பு இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பலூனுக்கும் மேலே போகக் காரணமில்லை. அவர் தலையாட்டினார், ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது எனக்குத் தோன்றாத பதில் ஒன்று பின்னர் இரவில் படுத்திருக்கையில் தோன்றியது: தூக்குக்குண்டு எப்போதும் நேர் கீழே தொங்குவதில்லை. 1774இல் வானியலாளர் மாஸ்கெலின் ஸ்கொட்லாந்தின் ஷிஹாலியன் மலையின் இரு பக்கங்களிலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலை அதைத் தன் பக்கம் இழுப்பதை அளந்தார். இந்தியாவின் பெரும் முக்கோண அளவையில் கலியானா, கலியான்பூர் என்ற இரண்டு இடங்களுக்கு இடையே நிலத்தில் அளந்த கணக்கும் நட்சத்திரம் பார்த்த கணக்கும் 5 விகலைக்குச் சற்று மேல் முரண்பட்டன (ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு). இமயமலை தூக்குக்குண்டை இழுப்பதால் இருக்கலாம் என்று 1855இல் பிராட் என்ற கணித அறிஞர் கணக்குப் போட்டார். அவர் எதிர்பார்த்ததைவிட இழுப்பு குறைவாக இருந்தது அடுத்த புதிராயிற்று. அடர்த்தி மட்டும் காரணம் என்றால் குண்டு ஏன் பக்கவாட்டில் சாய வேண்டும்? இதை அவரிடம் கேட்டிருக்க வேண்டும் என்று ஆசை. கேட்டிருந்தால் “அந்த மலையை நீங்கள் பார்த்தீர்களா சேர்?” என்றிருப்பார்.

விமானத்தைப் பற்றிய வாதத்தில் நான் இன்னும் உறுதியாக இருந்தேன். சீனக்குடாவில் சின்ன விமானம் இறங்குவதைப் பார்த்தபடி அவர் கேட்டார்: பூமி உருண்டை என்றால் விமானி மூக்கைத் தாழ்த்திக்கொண்டே போக வேண்டாமா? மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் ஒரு மணி நேரத்தில் பூமிச் சுற்றில் சுமார் 8 பாகையைக் கடக்கிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகையின் ஏழில் ஒன்று. விமானி அதற்கென்று எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவர் பிடித்துவைப்பது உயரத்தை. உயரத்தைக் காட்டுவது காற்றழுத்தம். சம அழுத்தப் பரப்பு பூமியோடு சேர்ந்தே வளைகிறது. நம் கருவியை மட்டமாக்கும் குமிழியும் அப்படித்தான். 100 மீட்டர் தள்ளி மறுபடி வைக்கும்போது 3 விகலைக்கு மேல் திரும்பிய இன்னொரு செங்குத்துக்கு அது பணிகிறது, நாம் உணர்வதில்லை. ஹெலிகொப்டர் ஒரு மணி நேரம் அந்தரத்தில் நின்றால் கீழே நாடு நகர்ந்துவிடாதா என்றும் கேட்டார். மூதூர்ப் படகு ஓடும்போது மேலே எறியும் தேசிக்காய் நம் கைக்கே திரும்பி வருவதைச் சொன்னேன். அதற்கு மட்டும் அவர் கொஞ்சம் யோசித்தார்.

சிட்னியிலிருந்து சந்தியாகோவுக்கு நேரே பறக்கும் விமானத்தையும் கணக்கிட்டுக் காட்டினேன். உருண்டையில் 11,300 கிலோமீட்டர் அளவு. வட துருவத்தை நடுவில் வைத்த தட்டை வரைபடத்தில் அதுவே 25,000 கிலோமீட்டரைத் தாண்டும். பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரத்தில் எந்தப் பயணிகள் விமானமும் அத்தனை தூரம் போகாது. எனக்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தெரியவில்லை. அவர் தாளை வாங்கி, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏன் வைத்துக்கொண்டார் என்று இன்னும் விளங்கவில்லை.

நிலாவெளியில் நடந்தது வேறு. அன்று அவர் காணொளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. என் வேலையிலிருந்தே எடுத்தார்.

“சேர், போனமுறை கடற்கரையில் தண்ணீரோரம் நின்றோம். உங்கள் ஜிபிஎஸ் கருவி நாம் 90 மீட்டர் பள்ளத்தில் நிற்கிறோம் என்றது. நீங்கள் ஓர் எண்ணைக் கூட்டிச் சரியாக்கினீர்கள். இங்கே வளைவு தெரியாதபடி கருவியை நடுவில் வைக்கிறீர்கள். காணி வரைபடத்தைத் தட்டையாகவே கீறுகிறீர்கள். அப்படியென்றால் உருண்டை எங்கே இருக்கிறது, புத்தகத்திலா?”

பையன் என் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

மூன்றுக்கும் பதில் உண்டு. காணி வரைபடம் தட்டையாக இருப்பது, சுமார் 260 சதுர கிலோமீட்டருக்குட்பட்ட பரப்பில் வளைவினால் வரும் வித்தியாசம் வேலையைப் பாதிக்காது என்பதால். இது பாடநூல் விதி. நடுவில் கருவி வைப்பது, வளைவு இருப்பதால்தான். கழித்தல் 90 மீட்டர்தான் மூன்றிலும் அழகானது. ஜிபிஎஸ் தரும் உயரம் கடலிலிருந்து அளந்தது அல்ல. பூமியின் வடிவுக்கு நெருக்கமாகக் கணிதம் வரைந்த, துருவங்களில் சற்றே அமுங்கிய ஒரு வழுவழுப்பான கோள வடிவத்திலிருந்து அளந்தது. கடல் அந்த வடிவத்துக்குப் பணிவதில்லை, ஈர்ப்புக்குப் பணிகிறது. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில், ஈர்ப்புக் குறைவினால் கடல்மட்டம் அந்த வடிவத்திலிருந்து 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. உலகிலேயே ஆழமான பள்ளம் அது. அதன் சரிவில்தான் திருகோணமலையும் இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் 2023இல், பூமியின் உள்ளாழத்தில் மேலெழும் சூடான, அடர்த்தி குறைந்த பாறையை இதற்குக் காரணமாகச் சொன்னார்கள். ஈர்ப்பு என்று ஒன்று இல்லை என்பவர், உலகத்தில் அது மிக விநோதமாக நடந்துகொள்ளும் கடலின் ஓரத்தில் நின்று கேட்கிறார். இதைவிட நல்ல பாடம் யாருக்குக் கிடைக்கும்?

சொல்லவில்லை. நேரமில்லை என்பது உண்மை. வீதியோரத்தில் நின்று ஒரு மணி நேரம் விளக்கியிருந்தால் ஓட்டம் மூடியிருக்காது, மறுநாளும் அதே வெயிலில் மூவரும் நின்றிருப்போம். வடிகாலுக்கு மில்லிமீட்டர் வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது எங்கள் விவாதத்துக்காகக் காத்திருக்காது. அவர் கேட்டதும் விடை வேண்டியா, பையனுக்கு முன்னால் என்னை நிறுத்த வேண்டியா என்பதும் தெரியவில்லை. இப்படி எழுதும்போதே, அது நியாயமற்ற சந்தேகம் என்றும் படுகிறது. பையன் இல்லாத நாட்களிலும் அவர் இதே குரலில்தான் கேட்டிருக்கிறார்.

அவர் சம்பூர்க்காரர். 2006இல் போரினால் இடம்பெயர்ந்து, திரும்பிப் போக ஏறத்தாழ பத்து வருடம் ஆயிற்று. அந்தக் காலமெல்லாம் தன் காணி வரைபடங்களில் வேறு பெயர்களில், வேறு நிறங்களில் இருந்ததைப் பார்த்தவர். தாளில் கீறியதைத் தரையைவிட உண்மை என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் சொன்னதைக் கேட்டவர். அதனால்தான் உருண்டையையும் நம்ப மறுக்கிறார் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கும் கொஞ்ச நாள் அது சரியாகவே பட்டது. பின்னர் வெட்கமாக இருந்தது. ஒரு மனிதர் தூக்குக்குண்டைக் காட்டிக் கேள்வி கேட்டால், தூக்குக்குண்டைப் பற்றித்தான் பதில் சொல்ல வேண்டும்; அவருடைய துயரத்தைப் பற்றி அல்ல. ஆனாலும், கையெழுத்தும் முத்திரையும் வைக்கும் என் வாயிலிருந்து “நம்ப வேண்டியதில்லை” என்று வந்தது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வாதத்தைத் தொடர்ந்திருந்தால் நன்மை விளைந்திருக்குமா? இயற்கையியலாளர் அல்பிரட் ரஸல் வாலஸ் இளமையில் நில அளவை கற்றவர். 1870இல் பூமி தட்டை என்று வாதிட்ட ஜோன் ஹம்ப்டன் என்பவர் வைத்த 500 பவுண் பந்தயத்தை ஏற்று, இங்கிலாந்தின் பெட்போர்ட் கால்வாயில் ஆறு மைல் நீளத்துக்கு, தண்ணீரிலிருந்து சம உயரத்தில் குறிகள் வைத்துத் தொலைநோக்கியில் காட்டினார். நடுக்குறி மேலே எழுந்து தெரிந்தது. ஹம்ப்டனின் நடுவர் அதே காட்சியைப் பார்த்துவிட்டுப் பூமி தட்டை என்பதற்கு இதுவே சான்று என்றார். பந்தயத்தில் வாலஸ் வென்றதாக மற்ற நடுவர் தீர்ப்பளித்தார். அதன் பின் பல வருடம் அவதூறுக் கடிதங்கள், வழக்குகள், ஹம்ப்டனுக்குச் சிறை. கடைசியில் பந்தயப் பணத்தையும் திருப்பிக் கொடுக்கும்படி ஆயிற்று. அதில் இறங்கியதற்காக வாலஸ் வாழ்நாளெல்லாம் வருந்தினார். இதை நினைக்கும்போது நான் சரியாகவே செய்தேன் என்று தோன்றும். உடனே, எங்கள் ஆள் ஹம்ப்டன் அல்லவே என்றும் தோன்றும். அவர் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

நம்பிக்கை இல்லாதவரின் கைகளில் முறை நெடுநாள் நிற்காது என்று பையனிடம் சொல்லலாம் என்று ஒருமுறை யோசித்தேன். எதற்காகச் சம தூரம் என்று தெரியாதவர், சம தூரம் வராத இடத்தில் சும்மா இருந்துவிடுவார் அல்லவா? ஆனால் நடந்தது அதற்கு நேரெதிர். ஒரு மதகுப் பக்கம் முன்தூரம் கூடிப்போயிற்று. பேச்சுவாக்கில் நான் கவனிக்கவில்லை. “சேர், இங்கே சமமாக வராது, குறித்துக்கொள்ளுங்கள்” என்று எச்சரித்தவர் அவர்தான். அவரைப் பொறுத்தவரை அந்தத் தூரம் கருவியின் பிழையைக் கழிப்பதற்கு. அதுவும் உண்மைதான். கருவியின் சாய்வும் பூமியின் வளைவும் ஒரே இடத்தில் ஒளிந்திருக்கின்றன. எங்கள் அன்றாட வேலையில் ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்ட வழியில்லை.

பிரித்துக் காட்டும் வேலை ஒன்று இப்போது வருகிறது. முன்பு பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு ஓடிய, இப்போது 396 மீட்டர் நீளப் பாலம் நிற்கும் கிண்ணியாப் பக்கத்தில், தண்ணீருக்குக் குறுக்கே மட்டம் கடத்த வேண்டும். நடுவில் கருவி வைக்க முடியாது. இரு கரைகளிலிருந்தும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். 400 மீட்டரில் வளைவு மட்டும் 12 மில்லிமீட்டருக்கு மேல் வரும். கருவியின் சாய்வை முதல் நாளே தரையில் தனியாகச் சோதித்துக் குறித்துவிட்டால், அக்கரைக் கோலில் மிஞ்சுவது பூமியினுடையது. தண்ணீரின் மேல் சூடான காற்று பார்வைக் கோட்டை வளைத்து அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வரும். அதையும் அவர் பிடித்துக்கொள்வார்.

வாசிப்பு எடுப்பது எங்கள் பொறுப்பு, உதவியாளர் கோல் பிடிப்பார், அதுதான் ஒழுங்கு. இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூடக் கருவிக்குள் கண் வைத்ததை நான் பார்த்ததில்லை, வைக்கச் சொன்னதும் இல்லை. கோலைப் பையனிடம் கொடுத்து அக்கரைக்கு அனுப்பிவிட்டு, இந்தக் கரையில் அவரைக் கருவியடிக்குக் கூப்பிடலாமா என்று யோசிக்கிறேன். கூப்பிட்டால் வருவாரா, வந்து பார்த்தால் என்ன சொல்வார் என்பது ஒரு பக்கம். அவர் வாசிக்கும் எண்ணைப் புத்தகத்தில் எழுத நான் தயாரா என்பது இன்னொரு பக்கம். வேலை அட்டவணையில் ஆட்களின் பெயர்களை இன்னும் நிரப்பவில்லை.