சாமான் பட்டியலும் நாலு நாற்காலியும்

காரைக்குடியில் குடும்ப வழக்குகள் பார்க்கிற வக்கீல் நான். விவாகரத்து என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அவங்க மேல என்ன கேஸ் போடலாம்?" என்றுதான். மனுவில் எழுதுகிற ஏச்சையெல்லாம் நாளைக்குப் பிள்ளைகள் படிப்பார்களே என்று எனக்கு உறுத்தும்.

அதனால் இரு தரப்பும் சம்மதித்தால் 'கொலாபரேட்டிவ் டிவோர்ஸ்' முறையில் பேசுகிறோம். அமெரிக்காவில் மினியாபோலிஸ் வக்கீல் ஸ்டூ வெப் 1990-ல் தொடங்கியது. கணவன், மனைவி, ஆளுக்கொரு வக்கீல் என நாலு பேரும் சேர்ந்து உட்கார வேண்டும். வரவு, கடன் எதையும் மறைக்கக் கூடாது. பேச்சு முறிந்து வழக்காகிவிட்டால் இரு வக்கீல்களும் விலகிவிட வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். சண்டை வளர்ந்தால் எனக்கு வேலையில்லை என்று தெரிந்ததும் எதிர்த்தரப்பும் என்னிடம் மனம்விட்டுப் பேசுகிறது.

ஒரு நகரத்தார் குடும்பம். கல்யாணத்தில் பரப்பிய சாமான் பட்டியலோடு வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்தோம். சீதனம் பெண்ணுக்கே சொந்தம் என்று பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. வைரமும் வெள்ளியும் மளமளவென்று முடிந்தன. பேச்சு நின்றது ஒரு மரவையில், மரத்தில் கடைந்து சாயம் பூசிய பாத்திரம் அது. மாமியார் தினமும் புழங்கி அதன் சாயம் மங்கியிருந்தது.

"எங்க ஆயா குடுத்தது அயித்தை" என்றாள் பெண்.

"எடுத்துக்க ஆத்தா" என்றவர், உள்ளே போய் அதன் மூடியையும் தேடிக்கொண்டு வந்தார்.

அப்புறம் பையன் விஷயம். பிள்ளையார் நோன்புக்கு அவன் அப்பச்சி (அப்பா) வீட்டில் இழை எடுத்துக்கொள்வது, அதாவது மாவில் வைத்து ஏற்றிய நூல் திரியைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது, என்று எழுதினோம். கோர்ட்டு உத்தரவில் இப்படியொரு வரியை நான் பார்த்ததில்லை.

இந்தியாவில் இந்த முறைக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடன்பாட்டை வைத்து, இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் இருவரும் சேர்ந்து மனுப் போட வேண்டும். அதற்கு ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். எல்லாம் பேசித் தீர்த்து, இனிச் சேர வழியில்லை என்றால் மனுப் போட்ட பிறகு உள்ள ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் விலக்கலாம் என்கிறது 2017-ன் அமர்தீப் சிங் தீர்ப்பு.

பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே பெண்ணுக்காக அப்பச்சியோ அம்மானோ பேசுவார்கள். இங்கே அவளே பேசுகிறாள். எனக்கு இந்த முறை பிடித்ததே அதனால்தான்.

அடி உதை இருக்கிற வீட்டுக்கு மட்டும் இதைச் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டு உட்கார்கிறவளால் தனக்கு வேண்டியதைக் கேட்க முடியாது. அவளுக்கு முதலில் 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்க வேண்டும். அதற்குக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், நானே கூட்டிப் போவேன்.