அரைப்பேர்

2015இல் ஆசிரியர் உதவியாளர் நியமனம் கிடைத்தபோது நான் உயர்தரம் கலைப்பிரிவு முடித்தவள். நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில், தரம் 6இன் கணிதத்தைத் தலையில் கட்டினார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய், பிறகு 10,000. பஸ் காசுக்கே பாதி போய்விடும், அது வேறு கதை.

பின்னம் படிப்பிக்க கேக் படம் வரைந்தேன். வகுப்பே மௌனம். அப்போது ஒரு பிள்ளை, "டீச்சர், அம்மாவுக்கு நேத்து அரைப்பேருதான்" என்றாள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' என்று பதிவார்கள். பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் பாதி நாளுக்குத்தான் பேர் விழும். சரி என்று கேக்கை அழித்தேன். ஆறு நாள் வேலையில் மூன்று நாள் அரைப்பேர் விழுந்தால் மொத்தம் எத்தனை பேர்? பின் வாங்கிலிருந்து "நாலரை" என்று உடனே பதில் வந்தது. நானும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், வளர்ந்தவள் என்பதால்தான் அந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டது.

அடுத்த வாரமே என் சரக்கு தீர்ந்துவிட்டது. "பின்னத்தால் வகுக்கும்போது ஏன் டீச்சர் தலைகீழாப் போட்டுப் பெருக்குறோம்?" என்று ஒரு பையன் கேட்டான். "அப்படித்தான் செய்யணும்" என்றேன். எனக்கே தெரியாது.

பிறகு பயிற்சிக்காக ஆசிரியர் கலாசாலைக்குப் போனேன். அங்கே ஓர் ஒப்படைக்காக, அமெரிக்காவின் 'டீச் ஃபார் அமெரிக்கா' பற்றி வாசித்தேன். பட்டதாரிகளுக்குச் சில வாரப் பயிற்சி கொடுத்து, இரண்டு வருடத்துக்கு ஏழைப் பாடசாலைகளுக்கு அனுப்பும் திட்டம் அது. 2004இல் வெளியான, மேத்மேட்டிகா என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வில், அவர்களிடம் படித்த பிள்ளைகள் அதே பாடசாலைகளில் மற்ற ஆசிரியர்களிடம் படித்தவர்களைவிட கணிதத்தில் ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பு அளவு முன்னே இருந்தார்கள். வாசிப்பில் வித்தியாசம் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. என் வகுப்பில் வாசிப்பு ஏறியது, கணிதம்தான் நொண்டியது. அவர்கள் நல்ல பல்கலைக்கழகங்களில் பொறுக்கி எடுத்த ஆட்கள். எங்களுக்குச் சில வாரப் பயிற்சிகூட இல்லாமல் சோக்கட்டியைக் கையில் கொடுத்தார்கள். ஆனால் நாங்கள் இரண்டு வருடத்தில் மூட்டை கட்டவில்லை. வீடே இங்கேதானே.

நான் கலாசாலையில் இருந்த காலத்தில் என் வகுப்புக்குப் பதில் ஆள் வரவில்லை. தலைகீழாப் போடுவது ஏன் என்று கேட்ட அந்தப் பையன் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறி, கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். ஒரு தீபாவளிக்கு வந்தவனை ரோட்டில் நிறுத்திச் சொன்னேன்: "மூணு பேருக்குள்ள எத்தனை அரைப்பேர் இருக்கு? ஆறு. அதான்டா தலைகீழாப் போடுறோம்."

கொஞ்ச நேரம் யோசித்தான். "இத அப்பவே சொல்லியிருக்கலாமே டீச்சர்."