அப்பாவின் முப்பது பைசா டிக்கெட்

அப்பாவின் பழைய அகராதிக்குப் புது அட்டை போடக் கொடுக்கலாம் என்று எடுத்து உதறினேன், நடுப்பக்கத்திலிருந்து ஒரு பஸ் டிக்கெட் விழுந்தது. மேலே பல்லவன் போக்குவரத்துக் கழகம், சென்னை. நடுவில் 30 பைசா, அதற்குக் கீழே ஒரு வரிசை எண், ஓரத்தில் கட்டணம் கணக்கிடும் ஸ்டேஜ் எண்கள். தேதி கிடையாது. கட்டுக் கட்டாக அச்சடித்து வைத்ததை கண்டக்டர் கிழித்துக் கொடுத்த காலம், அதில் எங்கே தேதி இருக்கும்.

அப்பாவிடம் காட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எழுபத்தொண்ணுல இன்டர்வியூவுக்கு வந்தப்ப எடுத்தது. மெட்ராஸ்ல நான் எடுத்த முதல் டிக்கெட்."

சரி, இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். ஆனால் பல்லவன் என்ற பெயர் உறுத்தியது. தேடிப் பார்த்தால், சென்னை நகர பஸ்களை அரசுத் துறையிடமிருந்து பிரித்துப் பல்லவன் என்று கழகம் அமைத்ததே 1972 ஜனவரி 1-ல்தான். இல்லாத கழகத்தின் டிக்கெட்டை 1971-ல் யார் கிழித்துக் கொடுத்திருப்பார்கள்? அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "அப்பவே பல்லவன்தான், எனக்குத் தெரியாதா" என்றார். பின்னால் இருபது வருஷம் பல்லவனிலேயே போய் வந்தவர், முதல் நாள் ஏறிய பஸ்ஸிலும் அந்தப் பெயரை எழுதிக்கொண்டுவிட்டார் போல. அன்றைக்கு மெட்ராஸ் என்று சொன்னதை எல்லாம் இன்றைக்குச் சென்னை என்று நினைவில் வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி.

கீழ் எல்லை கிடைத்துவிட்டது. மேல் எல்லை? 1997-ல், கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரில் புதிய கழகம் அமைத்ததையொட்டிச் சாதிக் கலவரம் மூண்ட பிறகு, எல்லாக் கழகங்களின் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன் எல்லாம் போனபோது பல்லவனும் போய் மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆனது. ஆக 1972 முதல் 1997 வரை, இருபத்தைந்து வருஷ இடைவெளி. இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து எழுத்தைப் பார்த்தேன். 'சென்னை'யில் இருந்த னை, யானைத் துதிக்கை மாதிரி முன்னால் வளைவு போட்ட பழைய னை. அந்தத் துதிக்கையை எடுத்துவிட்டு இன்றைய னை-யைக் கொண்டுவரத் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது 1978 அக்டோபரில். அப்படியானால் டிக்கெட் 1978-க்கு முந்தியது என்று குதித்தேன், நண்பர்களுக்குப் படம்கூட அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் பீரோவில் கிடந்த சித்தப்பாவின் கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது. 1984-ல் அடித்தது, அதிலும் துதிக்கை னை, துதிக்கை லை. அச்சகத்தில் இருக்கும் ஈய எழுத்துகளை ஆணை வந்த மறுநாளே யாரும் உருக்கிவிடுவதில்லை. இதே சங்கதிதான் அகராதிக்குள் இருந்த ஒரு தையல்கடை ரசீதிலும்: அதில் வெறுமனே 'சென்னை-17'. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது என்பதால் ரசீது அதற்கு முந்தியது என்று சொல்ல முடியுமா? இன்றைக்கும் சென்னை-17 என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வந்த ஒன்று காகிதத்தில் இருந்தால் தைரியமாக நம்பலாம், அது வந்த பிறகுதான் அந்தக் காகிதம். பழசு ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. இது புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது, அதில் ஒரு வாரம் டிக்கெட்டின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியது சுத்த வீண். மங்கிய ரோஸா, மங்கிய மஞ்சளா என்றே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

வரிசை எண்ணை வைத்து ஏதாவது தேறுமா என்று எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். எண்ணை அவர் கண்டுகொள்ளவே இல்லை. "இது ஸ்டேஜ் குளோஸ் பண்றப்ப வே பில்லுல, அதான் டிக்கெட் கணக்குத் தாள்ல, எழுதுறதுக்கு தம்பி, வருஷம் சொல்லாது" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட்டைத் திருப்பினார். பின்னால் பென்சிலில் 4-40 என்று கிறுக்கியிருந்தது. நானும் பார்த்திருந்தேன், மணி என்று நினைத்து விட்டுவிட்டேன்.

"மணியா? பாக்கி தம்பி. சில்லறை இல்லன்னா பின்னாடி எழுதிக் குடுத்துருவோம், இறங்குறப்ப காட்டி வாங்கிக்கணும்."

வீட்டுக்கு வரும் வழியில் கணக்குப் போட்டேன். ஐந்து ரூபாய் நோட்டு கொடுத்து முப்பது பைசா டிக்கெட் எடுத்தால் பாக்கி 4.70. இங்கே இருப்பது 4.40. அறுபது பைசா போயிருக்கிறது. அப்படியானால் இரண்டு டிக்கெட். இன்டர்வியூவுக்குத் தனியாக வந்தேன் என்று ஆயிரம் தடவை சொன்ன மனிதர், கூட யாரைக் கூட்டிக்கொண்டு போனார்?

ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். அப்பா விழித்தார். தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மாதான் திரும்பினாள்.

"நாலு நாப்பதா? எழும்பூர் ஸ்டேஷன்கிட்ட இறங்குற அவசரத்துல மீதிய வாங்காம வந்தீங்களே, அது. வளைகாப்பு முடிஞ்சு என்னை மதுரைக்குக் கூட்டிட்டுப் போனீங்க. செங்கல்பட்டு தாண்டுற வரைக்கும் அதையே சொல்லிப் புலம்பிட்டு வந்தீங்க."

அக்கா பிறந்தது 1977 ஏப்ரலில். அம்மா கணக்குப்படி தை மாசம் மதுரைக்குப் போயிருக்கிறார்கள். ஆக ஜனவரி பின்பாதி அல்லது பிப்ரவரி முதல் பாதி. இதைவிட நெருக்கமாக எந்த ஆவணமும் எனக்குச் சொல்லியிருக்காது. கீழ் எல்லை, மேல் எல்லை, பழைய னை, எதுவும் இதோடு மோதவும் இல்லை.

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து டிக்கெட்டை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். இன்டர்வியூ பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"கண்டக்டர் ஒழுங்காத்தான் எழுதிக் குடுத்திருக்கான்" என்றார். "நாலு ரூபா நாப்பது காசு. அன்னைக்கு அது எவ்வளவு தெரியுமா?"